தோளில் ஓர் ஆணி

சின்னவள் பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. அதுவும் அக்காவிடம் மட்டும். அக்கா போன் செய்தால் அது அடித்து அடித்து ஓயும். அக்காவின் வீட்டுக்காரர் செய்தால் முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்க மாமா" என்பாள். கோபத்தை இவ்வளவு கணக்காகப் பங்கு போட எல்லோராலும் முடியாது.

போன ஞாயிறு அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் கேட்டுவிட்டுப் போனது பெரியவளின் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

"ஊரான் செஞ்ச பொம்மையை எல்லாம் தலைல தூக்கி வச்சுக்கிற. உன் தங்கச்சி புருஷன் செஞ்சதுல மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு ஓட்டை தேடுற. நல்லா இரு."

பெரியவளின் தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பல் கட்டும் கூடத்தில் உட்கார்ந்து பல் செய்து கொடுப்பவள். பொழுதுபோக்கு, பொம்மை விமானம். கையில் வைத்துத் திருப்பினால் மூக்கு மடங்கி மார்பாகும், இரண்டு எஞ்சினும் நீண்டு காலாகும், வயிற்றுக்கடியில் ஒளிந்திருந்த கைகள் வெளியே வரும். விமானம் ஆளாக எழுந்து நிற்கும். இந்த வயதில் இதென்ன பொம்மை என்று கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

பழைய கார்ட்டூன் ஒன்றில் வந்த அதே விமானத்தை இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு செய்கின்றன. ஒன்று சிவப்புப் பெட்டியில் வரும், இன்னொன்று நீலப் பெட்டியில். சிவப்பில் கால் மூட்டுக்கு உலோகம், இறக்கை மெல்லிசு, மாற்றுவதற்குள் விரல் நகம் பெயரும். நீலம், எஃகு ஆணிகளைத் தவிர, முழுக்கப் பிளாஸ்டிக். 'டக் டக்' என்று இறுக்கமாக நிற்கும். ஆனால் விமானமாக இருக்கும்போது கை இரண்டும் கீழே துருத்திக்கொண்டு வயிறு பெருத்துத் தெரியும்.

"சிவப்பு பறக்கிறப்போ அழகு, நீலம் நிக்கிறப்போ அழகு" என்பது பல வருடங்களாகப் பெரியவளின் தீர்ப்பு. சேகரிக்கிறவர்கள் அவள் இணையத்தில் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். பல்லின் நிறம் ஒத்துப்பார்க்கும் வரிசையை எடுத்து இறக்கையின் பக்கத்தில் வைத்து, எந்த வெள்ளை சீக்கிரம் மஞ்சளாகும் என்று சொல்கிறவள் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த வருடம் சிவப்புக் கம்பெனி தோளைப் புதிதாகச் செய்திருந்தது. பறக்கும்போதும் அழகு, நிற்கும்போதும் அழகு. அந்தத் தோளுக்கு அச்சு வடிவமைத்தவர் சின்னவளின் வீட்டுக்காரர். பெரியவளோ பத்து நாளைக்கு முன் வீடியோவில், "இந்தத் தோள் தாங்காது, விரிசல் விடுது" என்று உடைந்ததைக் கையில் பிடித்துக் காட்டிவிட்டாள். கடைகள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புகின்றன என்று கேள்வி. செய்தவர் என் தங்கை புருஷன் என்று வீடியோவில் அவள் சொல்லவில்லை. சொன்னால் பாசத்தில் பூசி மெழுகுகிறாள் என்பார்கள் என்று பயம்.

இன்று காலை அவள் காபியை எடுத்துக்கொண்டு கண்ணாடி அலமாரிப் பக்கம் வந்தபோது நீலம் ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

நேற்று அந்தக் கை தோளுக்கு நேராக நீண்டிருந்தது. நீலத்தின் கை விழாது. ஊரில் எந்த நீலத்தின் கையும் விழுந்ததில்லை. பெரியவள் அதைத் தூக்கி நிறுத்தினாள். கை மெல்ல, வெட்கமில்லாமல், மறுபடி இறங்கியது.



காபியைக் கீழே வைத்தாள். மேசைக்குக் கொண்டுபோய், சின்ன ஊசியால் தோளின் ஆணியைத் தள்ளி வெளியே எடுத்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். பிடிமானத்துக்காக ஆணியின் தலைப்பக்கம் வரிவரியாகக் கீறியிருப்பார்கள். அந்த வரிகளுக்கிடையே சிவப்பு மை.

டாக்டர் வாயில் ஒரு மைத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வாரே, எந்தப் பல் இடிக்கிறது என்று பார்க்க, அந்தத் தாள் பெரியவளிடம் எப்போதும் இருக்கும். மூட்டு எங்கே உரசுகிறது என்று பார்க்க அதைத்தான் ஆணியில் தேய்ப்பாள். சிவப்புப் பெட்டிக்குச் சிவப்புத் தாள், நீலப் பெட்டிக்கு நீலத் தாள். ஒரு நாளும் மாற்றியதில்லை.

உடைந்த சிவப்பின் தோளிலிருந்து மற்ற ஆணியை எடுத்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. வரிகளுக்கிடையே நீலம்.

ஆணிகள் இடம் மாறியிருந்தன.

எப்போது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வீடியோ எடுத்த அன்று, இரண்டு ஆணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க, மேலே இருந்த மையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். அந்த நேரம் போன் அடித்தது. சின்னவள்தான். புதுத் திரைச்சீலைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டாள். பேசிக்கொண்டே பெரியவள் இரண்டு ஆணிகளையும் ஒரே கிண்ணத்தில் போட்டாள்.

பல் கட்டும் கூடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு தட்டில் இரண்டு பேர் பல் கூடாது. இவளே எத்தனை புதுப் பெண்களை அதற்காக உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள்.

நீல ஆணி ஒரு முடியிழை தடிமன் கூட. அதைச் சிவப்பின் துளையில் திணித்தால் பிளாஸ்டிக் எத்தனை நாள் பொறுக்கும்? மாட்டும்போது இறுக்கமாகத்தான் இருந்தது. 'அடடே, சிவப்புக்காரங்க இந்தத் தடவை நல்லா இறுக்கியிருக்காங்க' என்று வீடியோவில் பாராட்டு வேறு. அந்தப் பாராட்டை நினைத்தால் அவளுக்கே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"என்னம்மா, யாரு செத்துட்டா?"

பின்னால் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி, எதற்கும் பதறாத ஒரு குரல் அவருக்கு.

பெரியவள் இரண்டு ஆணிகளையும் காட்டினாள். சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லவேணாம்னுதான் இருந்தேன். ராத்திரி சின்னவ பேசினா. இன்னைக்கு மத்தியானம் மாப்பிள்ளையை மேல கூப்பிட்டிருக்காங்களாம். தோள் எப்படி உடைஞ்சுதுன்னு பதில் சொல்லணுமாம். பதில் சரியில்லைன்னா வேலை போகும். கம்பெனி வீடு, அதையும் விடணும்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். போனை எடு. மாப்பிள்ளைக்கே போடு. 'தப்பு என்னுது'ன்னு ரெண்டு வார்த்தை. முடிஞ்சுது."

பெரியவள் போனை எடுத்தாள். எடுத்து, திரும்ப வைத்தாள்.

"சொன்னா யாருங்க நம்புவா?"

"மாப்பிள்ளை நம்புவாரு."

"அவரு நம்பி என்ன ஆகப்போகுது? அவரு முதலாளி நம்பணும். வாங்கறவங்க நம்பணும். பத்து நாளைக்கு முன்னாடி உடையுதுன்னா, இப்ப உடையலங்கறா, விசாரிச்சா தங்கச்சி புருஷனாம், அப்படின்னு காறித் துப்பமாட்டாங்க? அவருக்கும் சேத்துத்தான் கெட்ட பேரு. வீட்டுல சொல்லிச் சரிக்கட்டிட்டாருன்னு சொல்வாங்க."

"சரி, இப்ப என்னங்கற?"

"செஞ்சு காட்டணும். கேமரா முன்னாடி, எல்லாரும் பாக்கற மாதிரி. சரியான ஆணி போட்டா உடையாது, மாத்திப் போட்டா உடையும்னு காட்டிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அதுவரைக்கும் நீங்களும் சொல்லக்கூடாது."

"மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

"முடிச்சிடுவேன்."

அவர் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவரை போன் கூப்பிட்டது. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் திரும்பி, "ஒரு போன், அவ்வளவுதான்" என்றார். அதை அவள் அப்போது கேட்டிருக்கலாம்.

செய்து காட்ட இன்னொரு சிவப்பு வேண்டும். கடைகளில் இல்லை, இவள் பேச்சைக் கேட்டுத்தான் திருப்பி அனுப்பிவிட்டார்களே. வீட்டில் ஒன்று இருந்தது. அலமாரியின் மேல் தட்டில், நாடா பிரிக்காமல்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் நாள் மாப்பிள்ளை தானே கொண்டுவந்து கொடுத்த பெட்டி. "முதல் பெட்டி உங்களுக்குத்தான் அக்கா" என்றார். இனாமாக வந்ததைச் சோதிக்கக்கூடாது என்பது பெரியவளின் சட்டம். சோதனைக்கு என்று கடையில் தனியாக வாங்கினாள். இதை வாழ்நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்துக்கொள்வதாக இருந்தாள்.

அதையும் இரண்டு ஆணிகளையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி பீங்கான் பல்லுக்குச் சாயம் ஏற்றுகிறவள். எல்லோரும் பீங்கான்காரி என்றே கூப்பிடுவார்கள். ஊர் வம்பு அத்தனையும் தெரிந்தவள். பெரியவளின் முகத்தைப் பார்த்ததும் இன்று எதையும் கேட்கவில்லை.

முதலில் ஒரு பாடகரின் மேல்வரிசையை முடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் கச்சேரியாம், பல் இல்லாமல் மனிதர் எப்படிப் பாடுவார்? பெரியவள் மெருகேற்றினாள். கண் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அவசரத்தில் ஒரு பல்லின் முனையைத் தேய்த்துவிட இருந்தாள். நல்லவேளை, கை நின்றது. இன்னொருவர் வாயிலும் தப்புச் செய்துவிட்டால் அப்புறம் வாழ்ந்த மாதிரிதான்.

அதைக் கொடுத்தனுப்பிவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தாள். இரண்டு ஆணிகளையும் அளந்தாள். மறுபடி அளந்தாள். சந்தேகமே இல்லை.

"கொஞ்சம் என் போனைப் பிடிச்சுக்கறியா? கை ஆடாம."

"என்ன எடுக்கணும்?" என்றாள் பீங்கான்காரி.

"நான் மூக்கறுபடறதை."

பீங்கான்காரி கையைத் துடைத்துவிட்டு வந்தாள்.

பெரியவள் கேமராவைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை, வழக்கமான சிரிப்பும் இல்லை. "போன வீடியோல தப்பு நடந்திருக்கு. தப்பு பொம்மைல இல்ல, என் கைல. ரெண்டு கம்பெனி ஆணியையும் ஒரே கிண்ணத்துல போட்டுட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். இந்தத் தோளைச் செஞ்சவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு. அதை மறைச்சிருக்கக்கூடாது. அதனால என் வாயை நம்பாதீங்க. கண்ணால பாருங்க" என்றாள்.

பிறகு பெட்டியின் நாடாவைக் கீறினாள். அந்தச் சின்னச் சத்தம் அவளுக்கு எங்கேயோ வலித்தது. உள்ளே விமானம், இறக்கையை மடக்கிக்கொண்டு, விரல்பட்ட தடம்கூட இல்லாமல் கிடந்தது.

திருப்பினாள். மூக்கை மடக்கினாள். காலை நீட்டினாள். தோளைத் தூக்கிக் கையை வெளியே இழுத்தாள். ஆள். மறுபடி விமானம். மறுபடி ஆள். ஒவ்வொரு தடவையும் தோளைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். கீறல்கூட இல்லை. விரல் நகம் சிவந்து எரிந்தது. போன வீடியோவில் எத்தனை தடவை திருப்பினாளோ அதைத் தாண்டியாயிற்று, இன்னும் திருப்பினாள். நன்றாகச் செய்திருந்தார் மாப்பிள்ளை. இவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"போதும்னு நினைக்கிறேன்" என்றாள் பீங்கான்காரி. "கை கடுக்குது."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

தோளின் ஆணியைத் தள்ளி எடுத்துத் தனியாக வைத்தாள். நீலத்தின் ஆணியை அதே துளையில் அழுத்தினாள். உள்ளே போக மறுத்தது. அழுத்திப் போட்டாள்.

நாலைந்து தடவை திருப்பியதும் துளையைச் சுற்றி வெளிறியது. அப்புறம் ஒரு மயிர்க்கோடு. அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாப்பிள்ளை கையில் கொடுத்த முதல் பெட்டி உடைந்தது.

பெரியவள் அதைக் கேமராவுக்குக் காட்டினாள். "பாத்தீங்கல்ல" என்றாள். பீங்கான்காரி போனை இறக்கினாள்.

வீடியோ ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பாதியில் நின்றது. ஜன்னல் ஓரம் போய்க் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறியது. உடனே மாப்பிள்ளைக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். சின்னவளுக்குப் போட்டாள். அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. மறுபடி போட்டாள். விடுவதில்லை என்று மறுபடியும் போட்டாள்.

எடுத்தாள்.

"என்ன வேணும்?" மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், பின்னால் யாரோ இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கட் பண்ணாத. தப்பு என்னுதுடி. மாப்பிள்ளை தோள்ல ஒரு குறையும் இல்ல. நான் ஆணியை மாத்திப் போட்டுட்டேன். வீடியோ போட்டிருக்கேன். அவரு உள்ள போறதுக்குள்ள எப்படியாவது சொல்லிடு."

மறுமுனையில் இருமல் மருந்துக்காரர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"காலைல."

"காலைலயா?" சின்னவளின் குரல் மாறியது. கோபமாக மாறியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். "காலைலயே தெரியுமா உனக்கு?"

"வெறுமனே சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு, செஞ்சு காட்டிட்டு..."

"உள்ள போயிட்டு வந்துட்டாருக்கா. முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. கூட வேலை செய்யறவரு இப்பத்தான் போன் பண்ணாரு. இவரு ஒண்ணுமே எதிர்த்துப் பேசலையாம். சோதிச்சப்போ எனக்கு உடையல, ஆனா அவங்க கைல உடைஞ்சிருக்குன்னா உடைஞ்சதுதான், நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்னு சொல்லிட்டாராம்." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒத்துக்கிட்டு வந்துட்டாருக்கா."

பெரியவள் பக்கத்தில் இருந்த முக்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல. போனை அணைச்சு வச்சிருக்காரு. வீட்டுக்கும் வரல. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா..." அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பெரியவள் பையை எடுத்தாள். எங்கே போவது? தொழிற்சாலைக்கா, அவர்கள் வீட்டுக்கா? பீங்கான்காரி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"எங்கம்மா இருக்க?" அதே பதறாத குரல், ஆனால் தாழ்த்திப் பேசினார். "மாப்பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு."

"அப்பாடா" என்றாள் பெரியவள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்லா இருக்காரா? கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்ல. உன் அலமாரி முன்னாடி உக்காந்திருக்காரு. அந்த உடைஞ்ச தோளை எடுத்துக் கைல வச்சுக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. அக்கா எப்ப வருவாங்கன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "உன் வீடியோ என் போனுக்கு வந்திருக்கு. காட்டட்டுமா? இல்ல, நீ வந்து சொல்றியா?"

"காட்டாதீங்க. நானே வந்து..."

"யாரு அண்ணே, அக்காவா?" தூரத்தில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "ஒரு நிமிஷம் குடுங்க."

போன் கை மாறியது.

"அக்கா." சாதாரணமாகத்தான் இருந்தது குரல், எப்போதும் போல மரியாதையாக. "நீங்க வேலைய முடிச்சிட்டு மெதுவா வாங்க, அவசரம் இல்ல. இந்தத் தோள்ல நான் எங்க தப்புப் பண்ணேன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. பக்கத்துல உக்காந்து ஒரு தடவை காட்டிக் குடுத்தீங்கன்னா, வேற எங்கயாவது கிடைக்கிற அடுத்த வேலைல சரி பண்ணிக்குவேன்."

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். 'அடுத்த வேலை' என்று அவர் சொன்னதற்கு மேல் பெரியவளின் காதில் எதுவும் விழவில்லை.